ஒரு பவுன் எடையில் ஓர் அம்பு முனை

பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு நகைக் கடையில் என் மனைவியின் தாலிச் சங்கிலிக்குக் கொக்கி மாற்றக் கொடுத்திருந்தோம். பத்தர் வேலையை முடித்துவிட்டு, சங்கிலியைத் தராசில் வைத்து எடை காட்டினார். நான் சங்கிலியைப் பார்க்கவில்லை, தராசைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணாடிக் கூண்டுக்குள் இருக்கும் தராசு அது. மூச்சுக் காற்று பட்டால்கூட எண் மாறிவிடும். என் சட்டைப் பையில் ஒரு மாத்திரை டப்பா இருந்தது. அதை எடுத்து மெதுவாக அவர் முன்னால் வைத்தேன்.

“அண்ணே, இதையும் ஒண்ணொண்ணா நிறுத்துக் காட்ட முடியுமா?”

டப்பாவைத் திறந்தவர் விரலைச் சட்டென்று இழுத்துக்கொண்டார். உள்ளே பஞ்சுக்கு நடுவே ஆறு அம்பு முனைகள் இருந்தன. ஒவ்வொன்றிலும் சவர பிளேடு போன்ற மூன்று தகடுகள்.

“இதென்ன லா, புது டிசைனா?”

“அம்பு முனை அண்ணே.”

“யாருக்குப் போடறதுக்கு?”

“ஆட்டுக்கு,” என்றாள் என் மனைவி, சங்கிலியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டே. 

பத்தர் சிரித்தார். ஆனால் தொழில்காரர் ஆயிற்றே, ஒவ்வொன்றையும் இடுக்கியால் எடுத்து ஒழுங்காக நிறுத்தார். எட்டு கிராமுக்குக் கொஞ்சம் மேலே வந்தது. அடுத்ததும் அப்படித்தான். ஆறுக்குள்ளும் பெரிய வித்தியாசமில்லை. “ஒரு பவுனு அண்ணே, சுத்தமா ஒரு பவுனு. தங்கமா இருந்திருந்தா அக்கா சந்தோஷப்பட்டிருப்பாங்க” என்றார்.

அம்பு முனைகளின் எடையைக் கிரெய்ன் என்னும் பழைய அளவில்தான் சொல்வார்கள். நூறு, நூற்றிருபத்தைந்து, நூற்றைம்பது என்று அட்டையில் போட்டு விற்பார்கள். அன்றுவரை எனக்கு அந்த எண்கள் வெறும் எண்களாகத்தான் இருந்தன. நூற்றிருபத்தைந்து கிரெய்ன் என்பது ஏறக்குறைய ஒரு பவுன் என்று தெரிந்ததும், ஏதோ பெரிய விஷயம் விளங்கிவிட்ட மாதிரி ஒரு நிம்மதி. அப்படியானால் நூறு கிரெய்ன் என்பது முக்கால் பவுனுக்குக் கொஞ்சம் மேல். அதற்கு முந்தைய டிசம்பரில் நான் எய்தது முக்கால் பவுன். ஒரு பவுனில் கால் பவுன் குறைந்ததால்தான் அப்படி ஆயிற்று என்று அந்தக் கடையிலேயே எனக்குள் தீர்ப்புச் சொல்லிக்கொண்டேன்.

எப்படி ஆயிற்று என்பது அப்போது என் மனைவிக்குத் தெரியாது. அதைச் சொல்லிவிட்டு மற்றதற்குப் போகிறேன்.

என் தங்கை ஆஸ்திரேலியாவில் இருக்கிறாள். அவள் கணவருக்கு, அதாவது என் மச்சானுக்கு, ஆட்டுப் பண்ணை வைத்திருக்கும் ஒரு வெள்ளைக்காரரோடு பழக்கம். அந்த நிலத்தில் வேலி தாண்டி வந்த காட்டாடுகள் பெருகிக் கிடந்தன. புல்லையெல்லாம் தின்று தீர்க்கின்றன, வந்து சுட்டுக்கொள்ளுங்கள் என்று அவரே கூப்பிட்டிருந்தார். மச்சான் துப்பாக்கி. நான் வில். நாற்பது வயதுக்கு மேல் பிடித்த பைத்தியம் இது. கிள்ளானில் கடை மாடியில் ஒரு வில்வித்தைக் கூடம் இருக்கிறது. வாரம் இரண்டு நாள் அங்கே அட்டையில் எய்துகொண்டிருந்தவன், அட்டை போதாதென்று நினைக்க ஆரம்பித்தேன். உயிருள்ள எதன்மேலும் அதற்குமுன் எய்ததில்லை.

முதல் முறை கிளம்பும்போது என் மனைவி தடுக்கவில்லை. அவளுக்கு அந்த மாதிரி வேஷம் கிடையாது. “ஞாயித்துக்கெழம மட்டன் கொழம்பு வெச்சுட்டு, ஆட்டக் கொல்லாதீங்கன்னு நான் எப்படிச் சொல்றது?” என்றாள். ஒன்றை மட்டும் கேட்டாள். “பட்டுன்னு போயிடணும். துடிக்க விடாதீங்க. அது ஒண்ணுதான்.”

சரி என்று சொல்லிவிட்டுத்தான் போனேன்.

அங்கே ஒரு கிடாய் இருபது மீட்டர் தூரத்தில், பக்கவாட்டில் நின்றது. கூடத்தில் கண்ணை மூடிக்கொண்டு அடிக்கிற தூரம். முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னே, நுரையீரல் இருக்கும் இடத்தைக் குறிவைத்து விட்டேன். அம்பு காற்றில் வாலை ஆட்டிக்கொண்டே போனதைப் பார்த்தேன். ஒரு கை அகலம் முன்னால் தள்ளி, தோள் சப்பை எலும்பில் போய்ப் பட்டது. மரக்கதவில் தட்டுவது போல ஒரு சத்தம். அம்பு பாதிகூட இறங்கவில்லை. கிடாய் ஒரு சுற்றுச் சுற்றி, தோளில் குத்தி நிற்கும் அம்போடு பாறைகளுக்கிடையே ஓடி மறைந்தது.

சாயங்காலம் வரை தேடினோம். முதலில் சொட்டுச் சொட்டாக ரத்தம் கிடைத்தது. பிறகு புல்லில் ஒரு தீற்றல். பிறகு ஒன்றுமில்லை. மறுநாள் காலையிலும் போனோம். “விடுங்க மச்சான், நடக்கறதுதான்” என்றார் மச்சான். அவர் ஆறுதலுக்குச் சொன்னார் என்று தெரியும். எனக்கு அவரை அறையலாம் போல் இருந்தது. நடக்கிறதுதான் என்றால் யாருக்கு நடக்கிறது? எனக்கா?

வீட்டுக்கு வந்ததும் மனைவி கேட்டாள், “ஆடு கெடச்சுதா?”

“கெடைக்கல” என்றேன். அதில் பொய்யே இல்லை. அந்த வார்த்தையை நினைத்து நான் வெட்கப்பட்ட அளவு, நான் சொன்ன முழுப் பொய்கள் எதற்கும் வெட்கப்பட்டதில்லை.

அந்த ஒரு வருஷமும் நான் எடையைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தேன். அதற்குக் காரணம் என் பிழைப்பு. போர்ட் கிள்ளானில் ஒரு கன்டெய்னர் யார்டில், டிரைவர்கள் திம்பாங் என்று சொல்கிற எடை மேடையில் எனக்கு வேலை. லோரி ஏறும், எண் வரும், நான் சீட்டு அடித்துக் கொடுப்பேன். பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று யார் என்ன சொன்னாலும் நான் நம்புவதில்லை, மேடை சொல்வதைத்தான் நம்புவேன். எடை பொய் சொல்லாது என்று டிரைவர்களிடம் வாய் வலிக்கச் சொல்லியிருக்கிறேன். அவர்களுக்கு என்னைக் கண்டால் ஆகாது. அதனால் எலும்பில் பட்டு நின்ற அம்புக்கும் நான் எடையில்தான் காரணம் தேடினேன்.

போனில் தேடினால் கிடைக்காமலா போகும்? முனை கனமாக இருந்தால் அம்பு எலும்பில் நிற்காது, உடைத்துக்கொண்டு உள்ளே போகும் என்று எழுதியிருந்தார்கள். கனம் கூடினால் அம்பு மெதுவாகப் போகும், தூரத்தில் சீக்கிரம் கீழே இறங்கும், மிருகம் நாண் சத்தம் கேட்டு நகர்ந்துவிடும் என்றும் எழுதியிருந்தார்கள். கனமான முனையைத் தள்ளும்போது மெல்லிய தண்டு அதிகமாக வளையும், ஆகவே தண்டையும் மாற்ற வேண்டும் என்று இன்னொருவர். இருநூறுக்குக் குறைந்தால் அம்பே இல்லை என்று ஒருவர் சண்டை போட்டார். நூறில் முப்பது ஆடு அடித்தேன் என்று மற்றொருவர் பதில் சண்டை. சாப்பிடும்போதுகூடத் தட்டுக்குப் பக்கத்தில் போனை வைத்து இதைத்தான் படித்துக்கொண்டிருந்தேன். “ஆட்ட அடிக்கப் போறீங்களா, ஆட்டுக்கு மாப்பிள்ள பாக்கறீங்களா?” என்று கேட்டாள் மனைவி. அவளுக்குத் தெரியாது, நான் தேடியது அடுத்த ஆட்டுக்கான முனையை அல்ல என்று. போன ஆட்டுக்கு ஒரு பதிலைத் தேடிக்கொண்டிருந்தேன்.

கடைசியில் நூற்றிருபத்தைந்தில் ஆறு, நூற்றைம்பதில் மூன்று வாங்கினேன். என்னோடு வேலை செய்யும் ஒருவருக்குக் காப்பாரில் சின்னதாக ஒரு செம்பனைத் தோட்டம் இருக்கிறது. கூடத்தில் பிளேடு முனை வைத்து எய்ய விடமாட்டார்கள் என்பதால், அவர் தோட்டத்தின் ஓரத்தில் ஒரு ரப்பர் கட்டையை நிறுத்தி எய்து பார்த்தேன். ஒரு பவுன் முனை அழகாகப் போயிற்று. மூன்று அம்புகள் ஒரு தேநீர்க் கோப்பை அகலத்துக்குள் போய் நின்றன. நூற்றைம்பதும் நேராகத்தான் போனது, ஆனால் கொஞ்சம் தாழ்ந்தது. நூற்றிருபத்தைந்து என்று முடிவு செய்தேன். பத்தர் கடையில் நிறுத்துப் பார்த்தது அதற்குப் பிறகு, ஆறும் ஒன்றுபோல் இருக்கின்றனவா என்று உறுதி செய்துகொள்ளத்தான்.

புரட்டாசி மாதம் அது. வீட்டில் கறி கிடையாது. ஆயுத பூசை வந்தது.

எங்கள் வீட்டில் ஆயுத பூசையை என் மனைவி எடுத்துச் செய்வாள். கூர் உள்ளது, சக்கரம் உள்ளது, சத்தம் போடுவது எதுவும் தப்பாது. அரிவாள்மனை, கத்திரிக்கோல், அவளுடைய தையல் இயந்திரம், என் திருப்புளிகள், மிக்ஸி, கார் சாவி, எல்லாம் சாமிப் படங்களுக்கு முன்னால் வரிசையாக வந்துவிடும். காருக்கு மாலை, டயருக்கு எலுமிச்சம்பழம். அந்த வரிசையில் என் வில்லும் ஒரு வெண்கலத் தாம்பாளத்தில் ஒன்பது அம்பு முனைகளும் இருந்தன. தண்டிலிருந்து கழற்றி, சுத்தம் செய்து, அவற்றை அவளிடம் நான்தான் கொடுத்தேன். ஒவ்வொன்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தாள். வைத்துவிட்டுக் கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்தாள். என்ன கேட்டாய் என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரியும். துடிக்கக் கூடாது.

மறுநாள் முனைகளை எடுத்து, பிளேடுகளை ஈரத் துணியால் துடைத்து, தண்டுகளில் திருகினேன். அந்த வாரக் கடைசியில் காப்பாருக்குப் போனேன், கடைசியாக ஒரு முறை பார்த்துவிடலாம் என்று.

முதல் அம்பு இடப்பக்கம் ஒரு முழம் தள்ளிப் போனது. கை நடுங்கியிருக்கும் என்று நினைத்தேன். இரண்டாவது மேலே ஏறியது. மூன்றாவது ரப்பர் கட்டையையே விட்டுவிட்டுச் செம்பனை மட்டையில் போய்க் குத்தி நின்றது. ஆறையும் எய்து பார்த்தேன். ஒவ்வொன்றும் ஒவ்வொரு திசை. அதிலும் அந்த வால் ஆட்டம். கிடாயை நோக்கிப் போகும்போது பார்த்த அதே ஆட்டம்.

அப்போதும் எடையைத்தான் சந்தேகப்பட்டேன். தண்டுக்கு ஒரு பவுன் தாங்கவில்லை போலிருக்கிறது, போன முறை ஏதோ குருட்டு அதிர்ஷ்டம் என்று. நூற்றைம்பதைத் திருகி எய்தேன். அது இன்னும் மோசம். வில்லின் திருகுகளைக் கூட்டினேன், குறைத்தேன். நின்ற விதத்தை மாற்றினேன். கொசுவோடும் சண்டை போட்டேன். டிசம்பர் நெருங்கிக்கொண்டிருந்தது. விமான டிக்கெட் எடுத்தாகிவிட்டது. வீட்டில் எதற்கெடுத்தாலும் எரிந்து விழுந்தேன். சோறு குழைந்துவிட்டது என்று ஒரு நாள் சத்தம் போட்டேன். சோறு குழையவில்லை.

“ஒங்களுக்கு என்னதான் ஆச்சு? எட எடன்னு எடயப் புடிச்சு தொங்குறீங்க” என்றாள் மனைவி. “போகாட்டிப் போங்களேன். யாரு கழுத்தப் புடிச்சா?”

போகாமல் இருக்க முடியும்தான். ஆனால் போகாமல் விட்டுவிட்டால், அந்தக் கிடாய்மேல் விட்டதுதான் நான் ஓர் உயிர்மேல் எய்த கடைசி அம்பாக ஆயுளுக்கும் நிற்கும். அதை என்னால் அவளிடம் சொல்ல முடியவில்லை.

செலாயாங் மொத்தச் சந்தைக்குப் பக்கத்தில், கடை மாடியில் ஒரு சீனப் பெண் வில், அம்புச் சாமான் விற்கிறார். பேச்சு குறைவு, கை சுத்தம். இன்னும் விறைப்பான தண்டு வாங்கலாம் என்று ஒரு சனிக்கிழமை ஆறு அம்புகளையும் எடுத்துக்கொண்டு போனேன். முனையின் எடை, தண்டின் நீளம், வில்லின் இழுவை என்று எல்லா எண்களையும் அவரிடம் மலாயில் ஒப்பித்தேன். அவர் நான் முடிக்கும்வரை காத்திருந்தார்.

“பூசிங் டூலு லா, பாஸ்” என்றார். முதலில் சுற்றிப் பார் என்று அர்த்தம்.

ஓர் அம்பை எடுத்து, முனை கீழே இருக்கும்படி மேசையில் நிறுத்தி, தண்டை இரண்டு விரலால் பம்பரம் போலச் சுழற்றிவிட்டார். நேராகப் பொருந்திய முனை என்றால் அம்பு அசையாமல் நின்று சுழல வேண்டும். இது தள்ளாடியது. அடுத்ததும் தள்ளாடியது. ஆறும் அப்படித்தான். அவர் ஒரு முனையைத் திருகிக் கழற்றினார். தண்டின் வாயிலிருந்து மஞ்சளாகக் கொஞ்சம் தூள் மேசையில் கொட்டியது. முனையைத் தண்டில் திருகும் மரை முழுக்க அதே மஞ்சள், காய்ந்து இறுகிப்போய். அவர் அதை மூக்கருகே கொண்டுபோனார். முகம் மலர்ந்தது.

“செண்டானா” என்றார்.

சந்தனம்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க முடியாமல் சிரித்தேன். அவரும் சிரித்தார். பிளேடு கையை வெட்டும் என்று பயந்து, என் மனைவி சந்தனத்தையும் குங்குமத்தையும் மழுங்கிய பக்கமாகப் பார்த்து வைத்திருக்கிறாள். மழுங்கிய பக்கம் என்பது மரை. எனக்குக் கண்ணில் பட்டது பிளேடு, அதைத் துடைத்தேன். மரையை யார் பார்த்தார்கள்? காய்ந்த சந்தனத்தின்மேல் திருகியதால் எந்த முனையும் நேராக உட்காரவில்லை. கோணல் பிளேடு காற்றைப் பிடித்துக்கொண்டு அதன் இஷ்டத்துக்குப் போயிருக்கிறது. தண்டு வாங்கத் தேவையே இல்லை. மரையைச் சுத்தம் செய்து திருகியதும் ஆறு அம்புகளும் அசையாமல் நின்று சுழன்றன.

இதை வீட்டில் போய் எப்படிச் சொல்லிக் கிண்டல் செய்யலாம் என்று யோசித்துக்கொண்டே காரை ஓட்டினேன். உன் பக்தியில் ஆடு தப்பித்தது என்று சொல்லலாம். கிள்ளான் சாலையில் நெரிசல். முன்னால் மரக்கட்டை ஏற்றிய ஒரு லோரி, பாரம் ஒரு பக்கமாகச் சாய்ந்து, ஊர்ந்துகொண்டிருந்தது. இப்படிப்பட்ட லோரிகள் என் மேடையில் ஏறும். எடை சரியாகத்தான் காட்டும், நானும் சீட்டு அடித்துக் கொடுத்துவிடுவேன். பாரம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று மேடை சொல்லாது. நானும் எட்டிப் பார்த்ததில்லை. அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் உறைத்தது. அதற்கு முந்தைய வருஷமும் ஆயுத பூசை வந்தது. அப்போதும் முனைகளைத் தாம்பாளத்தில் வைத்தேன்.

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூட ஒழுங்காகக் கழற்றாமல் ஸ்டோர் ரூமுக்குப் போனேன். போன வருஷத்துப் பெட்டி மேல் தட்டில் இருந்தது. திரும்பி வந்ததிலிருந்து அதைத் திறக்கவே இல்லை. உள்ளே இரண்டு அம்புகள், நூறு கிரெய்ன் முனைகளோடு. மூன்றில் ஒன்று கிடாயோடு போய்விட்டது. ஓர் அம்பைத் தரையில் நிறுத்திச் சுற்றினேன். தள்ளாடியது. முனையைத் திருகினேன். இறுகியிருந்தது. துணி போட்டுப் பிடித்துத் திருக வேண்டியிருந்தது. கழன்றதும் மஞ்சள் தூள் என் உள்ளங்கையில் விழுந்தது. ஒரு வருஷம் கழித்தும் வாசனை போகவில்லை.

அந்த வருஷம் நான் பூசைக்கு முன்னால் எய்து பார்த்தேன். நன்றாகப் போனது. பூசைக்குப் பின், கூர் மழுங்கிவிடும் என்று பிளேடுகளை எய்யாமல் பொத்திப் பொத்தி வைத்தேன். அந்த முனையில் பூசைக்குப் பின் நான் எய்த முதல் அம்பு அந்தக் கிடாயின்மேல்தான். எடையில் ஒரு குறையும் இல்லை. கால் பவுனும் இல்லை, அரைப் பவுனும் இல்லை.

“என்ன தேடுறீங்க?” என்று கேட்டுக்கொண்டே மனைவி வாசலில் வந்து நின்றாள்.

கையை மூடிக்கொண்டேன். மூடிக்கொண்டது தப்பு, அவள் பார்த்துவிட்டாள். அந்தக் கணத்தில் ஒரு நல்ல பொய் தயாராகவே இருந்தது. இந்த வருஷத்துச் சந்தனத்தைச் சொல்லிச் சிரித்துவிட்டு, போன வருஷத்தை அப்படியே பெட்டிக்குள் வைத்து மூடிவிடலாம். அவள் நிம்மதியாக இருப்பாள். ஆனால் ஒரு வருஷமாக ஒரு வார்த்தையைச் சுமந்து களைத்துப் போயிருந்தேன். தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

“போன வருஷம் ஆடு கெடைக்கலன்னு சொன்னேன்ல. அடிச்சேன். தோளுல பட்டுச்சு. அம்போட ஓடிப்போச்சு. ரெண்டு நாளா தேடினோம். கெடைக்கல.”

அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். “துடிச்சிச்சா?”

“தெரியல மா. ஓடிப்போச்சு.”

நிலையை விட்டுவிட்டு உள்ளே வந்தாள். பிறகு என் எதிரே உட்கார்ந்து, என் கையை எடுத்து விரலை விரித்தாள். தூளைப் பார்த்தாள். நான் விளக்க ஆரம்பித்தேன். செலாயாங் கடை, மரை, தள்ளாட்டம். ‘எட இல்ல’ என்று சொல்லிக்கொண்டே வந்தவன், எங்கே போய் முடியும் என்று தெரிந்து பாதியில் நிறுத்திவிட்டேன். அவளுக்கு மீதி தேவைப்படவில்லை.

“நான் வெச்ச பொட்டு” என்றாள்.

“நீ என்ன பண்ணுவ? சுத்திப் பாக்காதது நான்தானே. ஒரு தடவ மேசையில சுத்தியிருந்தா தெரிஞ்சிருக்கும். அரை நிமிஷ வேல. எனக்குத் தராசு போதும்னு இருந்துட்டேன்.”

“துடிக்கக் கூடாதுன்னு வேண்டிட்டுத்தாங்க வெச்சேன்.”

அவளுக்கு அழுகை வரவில்லை. வந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். என் உள்ளங்கையிலிருந்த தூளை ஒரு காகிதத்தில் தட்டினாள். காலால் மிதிபடக்கூடாத பொருள் என்பதால் அதை எடுத்துக்கொண்டுபோய் வாசல் துளசித் தொட்டியில் போட்டாள். அன்று அவள் என்மேல் கோபப்பட்டாளா, தன்மேலா என்று தெரியவில்லை. இரண்டுக்கும் சேர்த்து ஒரு கோபம் என்றுதான் இப்போது தோன்றுகிறது.

மறுநாள் காலையில் சமையலறை மேசையில் செய்தித்தாளை விரித்து, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் அவள் மரைகளைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். கையில் பாத்திரம் கழுவும் தடித்த ரப்பர் உறை. நான் செலாயாங்கிலேயே ஆறையும் சுத்தம் செய்தாகிவிட்டது என்றேன். பரவாயில்லை என்றாள்.

கிளம்பும் நாள் அம்புகளை ஒவ்வொன்றாக மேசையில் நிறுத்திச் சுற்றினாள். எப்படிச் சுற்றுவது என்று ஒரு தடவை காட்டினேன், என்னைவிட நன்றாகவே சுற்றினாள். குனிந்து, கண்ணை முனைக்கு நேராக வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஐந்து அம்புகளை என் பக்கம் தள்ளினாள். ஆறாவதை இரண்டு முறை சுற்றினாள், மூன்றாம் முறையும் சுற்றினாள்.

“இது ஆடுது.”

நானும் சுற்றிப் பார்த்தேன். என் கண்ணுக்கு ஆடவில்லை. தராசிலும் மற்ற ஐந்தைப் போலவே ஒரு பவுன்தான். ஆனாலும் அதை வீட்டிலேயே வைத்துவிட்டு ஐந்தோடு போனேன்.

இரண்டாம் நாள் காலையில், அதே நிலத்தில், பதினெட்டு மீட்டரில் ஓர் ஆடு நின்றது. நான் நினைத்த இடத்தில் அம்பு போய், அந்தப் பக்கம் வெளியே வந்து மண்ணில் குத்தியது. ஆடு நான்கு அடி நடந்து, முன்னங்கால்களை மடக்கிப் படுத்துவிட்டது. அவ்வளவுதான். மச்சான் முதுகில் தட்டினார். எனக்குச் சந்தோஷம் வரும் என்று எதிர்பார்த்திருந்தேன். பாரம் கொஞ்சம் இறங்கியது போலத்தான் இருந்தது.

மத்தியானம் வீட்டுக்குப் போன் செய்தேன். கிடைத்ததா என்று அவள் கேட்கவில்லை.

“துடிச்சிச்சா?”

“இல்ல மா. அங்கயே படுத்துருச்சு.”

அவள் மூச்சு விட்டது காதில் கேட்டது. பின்னால் குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்தினாள்.

“அந்தப் பழைய ஆடு ஓடுன எடம் தெரியும்ல? அந்தப் பக்கம் போயிப் பாத்தீங்களா?”

போகவில்லை. அந்தப் பாறைகள் கண்ணில் படாத பக்கமாகவே இரண்டு நாளும் மச்சானை நடத்திக் கூட்டிப் போயிருந்தேன். இல்லை என்று அவளிடம் சொன்னேன்.

“ஒரு வருஷமாச்சு, எலும்புதான் கெடக்கும்” என்றேன்.

“இருக்கட்டும். நான் வெச்ச பொட்டு அதுமேல இருக்கு. போயிப் பாருங்க.”

மறுநாள் காலையில் வில்லை மச்சானின் வண்டியிலேயே வைத்துவிட்டு, வெறுங்கையோடு அந்தப் பாறைகளை நோக்கி நடந்தேன். எதற்கு என்று மச்சான் கேட்கவில்லை. தண்ணீர் போத்தலை எடுத்துக்கொண்டு பின்னாலேயே வந்தார். வெயில் ஏறும்வரை, ஒவ்வொரு பாறைக்கடியிலும் குனிந்து குனிந்து தேடினோம்.